அரைத் தட்டுப் பிந்திய குரல்

பேர்கன், நோர்வே
02.03.2025

அன்புள்ள தங்கச்சி தர்சிகாவுக்கு,

அண்ணா எழுதுகிறேன். இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. மூக்கு நுனியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் அப்பாவும் எப்படி?

கடிதத்தைக் கண்டதும் இவனுக்கு என்ன பிடித்தது என்று நினைப்பாய். போனில் கதைத்தால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது. நீ வைத்துவிடுகிறாய், நான் இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் திரிகிறேன். கடிதத்தில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே விழ முடியாது.

விசயத்துக்கு வருகிறேன். நான் நடத்துகிற பாடகர் குழுவுக்கு வருகிற ஒக்டோபரில் ஐம்பது வயது. நாற்பது பேர். தச்சன், தாதி, தபால்காரர் என்று எல்லோரும் வேலை முடிந்து வந்து பாடுகிறவர்கள். விழாவுக்கு இருபது நிமிடப் பாட்டு ஒன்றை நானே எழுதித் தரவேண்டுமாம். இவ்வளவு காலமும் ஊரான் எழுதியதற்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தவனுக்கு முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று! தேவாலயத்துப் பாணியில் நாலு குரலுக்கு எழுதுகிறேன். அதற்குள் கரைவலை அம்பாவைக் கொண்டுவரப் போகிறேன். அப்பா சம்பூர்க் கரையில் வடம் இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அது. சொல் எல்லாம் மறந்துவிட்டது. இழுவை மட்டும் தோளில் இருக்கிறது.

உப்புவெளியில் இன்னும் வலை இழுக்கிறார்களாம். போய்ப் பதிந்து அனுப்புவாயா?

அப்பாவுக்குச் சொல்லாதே. அம்மா செத்தபோது நான் வராதது அவருக்கு இன்னும் ஆறவில்லை. போன மாதம் போன் எடுத்தேன். “ஆர் கதைக்கிறது? ஆர்?” என்று மூன்று தரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பதினொரு வருடக் கோபம்! அந்த நேரம் என்னிடம் பயணப் பத்திரம் இருக்கவில்லை என்று எத்தனை தரம் சொல்வது? இனிச் சொல்லி ஆகாது. 2006 போரில் சம்பூரை விட்டு எல்லோரும் ஓடிய பிறகு நீங்கள் முகாமுக்குப் போனீர்கள், நான் இங்கே வந்தேன். உங்கள் லிங்கநகர் வீட்டை நான் கண்ணால் காணவே இல்லை. இந்தப் பாட்டை முடித்து, அதை அப்பாவின் காதில் போட்டுவிட்டுத்தான் அந்த வாசலை மிதிப்பேன். வெறுங்கையோடு வந்து நிற்க என்னால் ஏலாது.

பதிலைக் கெதியில் போடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்பு அண்ணா,
கஜீபன்

*

ஐஸ் பக்டரி அலுவலகம்,
திருகோணமலை
25.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மூக்கு நுனிக்கும் சுகம் வரட்டும். நாங்கள் இருவரும் இருக்கிறோம். அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாக நடக்கிறார். எனக்கும் ஒன்றும் இல்லை. மீன் லொறிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு வரி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுங்கள்.

இனியும் இந்த அலுவலக விலாசத்துக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வரும் கடிதங்கள் தவறிப்போகின்றன.

அப்பா போனில் கேட்டதற்குப் பெரிய கதை கட்ட வேண்டாம். அவருக்குக் காது மந்தம். கோபம் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை உப்புவெளிக்குப் போனேன். பாட்டை எடுத்துக் கொடுப்பவர் கிண்ணியாவைச் சேர்ந்த சரீப் காக்கா. ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் இருபதில் நிற்கிறது. போனை நீட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, “என்ன தங்கச்சி, இண்டைக்கும் சும்மா நிக்கிறீங்களா? சும்மா நிக்கிற ஆளுக்கு இஞ்ச பாட்டு இல்ல, வடத்தப் பிடிங்க” என்றார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு நானும் இழுத்தேன். அதனால்தான் பதிவில் என் மூச்சும் சேர்ந்து இரைகிறது. நாலு பதிவையும் போனில் அனுப்பியிருக்கிறேன். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது, அதை அனுப்ப வழியில்லை.

ஒன்று கேட்கிறேன். வருவதற்குப் பாட்டு முடியும்வரை ஏன் பார்த்திருக்க வேண்டும்? ஜூனில் வாருங்கள். கடல் நல்லாக இருக்கும். என்னோடு வேலை செய்கிற ஜெஸ்மின் ஒவ்வொரு வருடமும் மலைநாட்டு ஹப்புத்தளையில் உள்ள தன் அக்கா வீட்டுக்கு என்னைக் கூப்பிடுகிறாள், பனிப்புகார் பார்க்க. ஆறு வருடமாக லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வந்தால் பார்க்கலாம்.

தங்கச்சி,
தர்சிகா

*

பேர்கன்
14.04.2025

என் பொன்னான தங்கச்சிக்கு,

புதுவருட வாழ்த்து. கைவிசேடக் காசு தர ஆள் இல்லாமல் எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன். அப்பாவின் காதுக்கு டொக்டரிடம் காட்டினாயா? உன் கைக்கு மருந்து போட்டாயா?

பதிவுகளை நூறு தரமாவது கேட்டிருப்பேன். மூன்றாவது பதிவில் ஒரு பாட்டு வருகிறது. சரீப் காக்கா எடுத்துக் கொடுக்கிறார்:

கடைச்சந்தி தாண்டி பைப்படி தாண்டி — ஏலையா ஏலோ
முடக்கில ரெண்டு முருங்கை தாண்டி — ஏலையா ஏலோ
நீலக் கேற்றில நிண்டு தட்டு — ஏலையா ஏலோ
உள்ளுக்க ஒருத்தி உலை வைச்சிருக்கா — ஏலையா ஏலோ
சோறு ஆறமுன்னம் போய்ச் சேரு — ஏலையா ஏலோ

மற்றப் பாட்டுகளில் வலை முதலாளி சம்மாட்டியின் கஞ்சத்தனமும் மீன் விலையும்தான். இது வேறு. என்ன ஆழம்! மீன் பிடிக்கிறவர்கள் மீனைப் பாடாமல் ஒரு வீட்டைத் தேடிப் போவதைப் பாடுகிறார்கள். முழுப் பாட்டையும் இந்த ஐந்து வரியின் மேல்தான் கட்டப்போகிறேன்.

இன்னொன்று. ‘ஏலையா’ என்று எல்லோரும் வாங்கும்போது ஒரு கிழவரின் குரல் மட்டும் அரைத் தட்டுப் பிந்தி வருகிறது. பல்லில்லாத குரல். ஒவ்வொரு தரமும் அதே அரைத் தட்டு. முதலில் பிழை என்று நினைத்தேன். கேட்கக் கேட்க, அவர் பிந்துவதால்தான் பாட்டு முடியாமல் தொடர்கிறது என்று விளங்கியது. பாஸ் என்கிற அடிக்குரல்கள் எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிட்டேன், பத்து ஆண்களும் அரைத் தட்டுப் பிந்தி. அந்த மனிதர் யார்? பெயரைக் கேட்டு எழுது. நிகழ்ச்சி மலரில் அவருக்கு நன்றி போட வேண்டும்.

ஜூனில் வரமுடியாது. ஒத்திகை தொடங்கிவிடும். கோபிக்காதே.

அண்ணா,
கஜீபன்

*

(எழுதி, அனுப்பாமல் மேசை லாச்சிக்குள் வைத்த கடிதம்)

03.05.2025

அண்ணா,

சுகம் கேட்டு எழுத இன்றைக்கு மனம் இல்லை. அந்தக் கிழவர் எங்கள் அப்பா.

அப்பாவுக்கு மறதி நோய். இரண்டரை வருடம். முதலில் மூக்குக்கண்ணாடியை மறந்தார், பிறகு என் பெயரை, இப்போது இந்த வீட்டை. சம்பூர் வீடு மட்டும் ஓட்டோடும் சுவரோடும் அவர் தலைக்குள் நிற்கிறது. அங்கே இப்போது ஈச்சம் பற்றை என்றால் நம்பமாட்டார். நான் யாரோ சமைத்துக் கொடுக்கிற பிள்ளை. “பிள்ளை, நேரம் போச்சு, நான் வீட்டை போகப்போறன்” என்று காலையில் எழும்பியதும் புறப்பட்டுவிடுவார். வருகிற கடிதத்தை எல்லாம் மடித்து வேட்டிக்குள் செருகிக்கொண்டு போய் எங்கேயோ விட்டுவிடுவார். கதவைப் பூட்டினால் தலையால் இடிக்கிறார். அதனால் பூட்டுவதில்லை.

பஸ் ஏறி உப்புவெளிக் கரைக்குத்தான் போவார். வடத்தைப் பிடித்தால் கை நடுக்கம் நிற்கிறது. சரீப் காக்கா ஒரு சொல்லும் கேட்காமல் அவரை வரிசையில் சேர்த்துக்கொண்டார், ‘கப்டன்’ என்று பட்டமும் கொடுத்தார். ஆனால் வலை ஏறி எல்லோரும் கலைந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் மணலில் நிற்பார். அம்பாவில் அன்றன்றைய கதையை இழுத்துப் பாடுவது அவர்கள் வழக்கம்தானே. அதனால் சரீப் காக்கா எங்கள் விலாசத்தையே பாட்டாக்கிவிட்டார். சொன்னால் அப்பா மறந்துவிடுவார், பாடினால் மறப்பதில்லை. கொண்டக்டர் கடைச்சந்தியில் இறக்கிவிட, அதைப் பாடிப் பாடியே வந்து சேருகிறார். கேற்றுக்கு நீலம் அடித்தது நான். உலை வைத்திருக்கிறவளும் நான்தான்.

நோய் என்று தெரிந்த நாளில், புத்தி தெளிவாக இருக்கும்போது, என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். “அண்ணனுக்குச் சொல்லாதை. அவன் வந்தால் என்னைப் பாக்க வரோணும். நோய் வருத்தம் பாக்க வரக்கூடாது.”

இதை அனுப்பினால் நீங்கள் உங்கள் முதல் பாட்டைப் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள். இல்லாவிட்டால், அறிந்தும் வராமல் இருப்பீர்கள். இரண்டையும் நினைக்கப் பயமாக இருக்கிறது.

*

திருகோணமலை
05.05.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கைவிசேடம் கிடைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள், நூறு ரூபாய் வெற்றிலையில் வைத்து அனுப்பியிருக்கிறேன், மனதால். எல்லோரும் சுகம். என் கை ஆறிவிட்டது.

அந்தக் கிழவர் அங்கே வந்து போகிற ஒருவர். பெயரைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றி எல்லாம் வேண்டாம்.

ஜூன் இல்லாவிட்டால் ஜூலையில் வரலாம். வலை ஒக்டோபர்வரைதான், பிறகு கடல் பொல்லாது.

தர்சிகா

*

பேர்கன்
01.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இவ்வளவு சின்னக் கடிதமா? உனக்கு ஏதும் வருத்தமா? அப்பா சுகமா? எனக்கு வயிற்றெரிவு, வேறொன்றும் இல்லை.

ஒத்திகை சரிவரவில்லை. குரல் என்றால் கண்ணாடி மாதிரிக் குரல்கள். தமிழ்ச் சொல்லைக் கூட நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகிவிட்டார்கள், தபால்காரர் ‘முருங்கை’ என்று சொல்வதைக் கேட்டால் கட்டிப்பிடிப்பாய். ஆனால் பாட்டில் பாரம் இல்லை. நாலு தட்டாகப் பிரித்து எழுதினேன், அணிவகுப்பு மாதிரி வந்தது. கிழித்தேன். தட்டே இல்லாமல் எழுதினேன், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அதையும் கிழித்தேன். படுக்கவும் முடியவில்லை இருக்கவும் முடியவில்லை, துறைமுகத்தடியில் சும்மா நடக்கிறேன். இங்கேயும் துறைமுகம்தான். ஆனால் யாரும் கூப்பிட்டுக் கதைப்பதில்லை.

ஒத்திகைப் பதிவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். சரீப் காக்காவுக்குப் போட்டுக் காட்டு. என்ன சொன்னார் என்று ஒன்றும் மறைக்காமல் எழுது. ஜூலையிலும் முடியாது, பாட்டை இந்த நிலையில் விட்டுவிட்டு வரமாட்டேன்.

அண்ணா,
கஜீபன்

*

திருகோணமலை
28.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வயிற்றெரிவுக்குச் சீரகத் தண்ணீர் குடியுங்கள். இங்கே வெயில் கொல்கிறது. அப்பா நடக்கிறார். நானும் பின்னால் நடக்கிறேன்.

போட்டுக் காட்டினேன். வலை ஏற்றிவிட்டு எல்லோரும் மணலில் குந்தியிருந்து கேட்டார்கள். ‘நீலக் கேற்று’ வந்ததும் சரீப் காக்கா சிரித்தார். “அடி ஆத்தே, கப்டனுக்கு வெள்ளக்காரனும் வழி சொல்லுறானா?” என்றார். அது எங்கள் இடத்துப் பகிடி, விடுங்கள்.

பிறகு இன்னொரு தரம் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னது இது, ஒரு சொல்லும் மறைக்கவில்லை: “நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி. பள்ளியில ஓதுற மாதிரிச் சுத்தமா இரிக்கி. ஆனா எல்லாரும் ஒண்டா மூச்சு எடுக்கிறாங்களே, அந்த நேரம் வலைய ஆரு பிடிக்கிற? வலை பின்னால போயிருமே. ஒருத்தன் மூச்சு எடுக்கக்குள்ள பக்கத்துல உள்ளவன் பிடிச்சிக்கிரணும். அவன் எடுக்கக்குள்ள இவன். ஒங்கட அண்ணனுக்குச் சொல்லுங்க, அம்பா பாடுறது வாயி இல்ல, வடம்.”

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். நான் களைத்துப் போனேன் அண்ணா. ஏன் என்று என்னால் எழுத முடியாது. நீங்கள் எனக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம், அவ்வளவுதான்.

ஓகஸ்டில் வாருங்கள். இனிக் கேட்கமாட்டேன் என்று போன தரம் நினைத்தேன், பிறகும் கேட்கிறேன்.

தர்சிகா

*

பேர்கன்
22.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சரீப் காக்காவின் வாய்க்குச் சர்க்கரை போடு! சீரகத் தண்ணீரும் வேலை செய்கிறது, அம்பாவும் வேலை செய்கிறது.

பிழை என்னுடையதுதான். ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் எல்லோரும் மூச்சு எடுக்க வேண்டும் என்று நானே குறி போட்டிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். கப்பல் சாமான் கடையில் தடித்த வடம் ஒன்று வாங்கி, ஒரு முனையைத் தேவாலயத்துத் தூணில் கட்டி நாற்பது பேரையும் பிடிக்கச் சொன்னேன். பக்கத்து ஆள் இழுக்கும்போதுதான் நீ மூச்சு எடுக்கலாம் என்றேன். முதல் தரம் சிரித்தார்கள். மூன்றாம் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. சத்தம் எங்கேயும் அறாமல் தரையிலிருந்து எழும்பி வந்தது. பாஸ்காரர்கள் அரைத் தட்டுப் பிந்தி வாங்கியபோது நான் கையைக் கீழே போட்டேன். நான் நடத்தாமலே பாடி முடித்தார்கள்.

நிகழ்ச்சி மலருக்கு விளக்கம் எழுதிவிட்டேன். சரிபார்: ‘இது நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மீனவர் பாடல். இரண்டு முருங்கை மரங்கள் பிறப்பும் இறப்பும். நீலக் கேற்று என்பது கடல், அல்லது வானத்தின் வாசல். உள்ளே உலை வைத்திருப்பவள் உயிர்களை எல்லாம் திரும்ப அழைக்கும் தாய்.’ எப்படி? அப்பா இதை வாசித்தால் கோபம் பறந்துவிடாதா?

நீ அழுதாய் என்று எழுதியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வேலைப் பளு என்று நினைக்கிறேன். கொஞ்சம் ஓய்வெடு. விழா முடியட்டும், டிசம்பரில் நத்தார் லீவில் கட்டாயம் வருவேன்.

அண்ணா,
கஜீபன்

*

லிங்கநகர்,
திருகோணமலை
16.08.2025

அண்ணாவுக்கு,

நான் சுகமில்லை. அப்பாவும் சுகமில்லை. இத்தனை கடிதத்திலும் சுகம் சுகம் என்று எழுதியது பொய். லாச்சிக்குள் கிடந்த மே மாதக் கடிதத்தையும் இதற்குள் வைக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள்.

வாசித்துவிட்டீர்களா? இனிக் கேளுங்கள். அது நூறு வருடப் பாட்டு அல்ல, அதற்கு ஒரு வயதும் ஆகவில்லை. முருங்கை இரண்டும் பக்கத்து வீட்டுத் தங்கரத்தினம் மாமி நட்டது, பிறப்பும் இல்லை இறப்பும் இல்லை, போன கிழமைகூட இரண்டு பிடி கீரை ஒடித்தேன். வானத்தின் வாசலுக்கு நான்தான் ஒரு பேணி பெயின்ற் வாங்கினேன். உங்கள் விளக்கத்தை வாசித்துவிட்டு அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஜெஸ்மின் தண்ணீர் கொண்டுவந்தாள், சிரிப்பு என்று நினைக்கவில்லை அவள்.

செவ்வாய்க்கிழமை கடல் அடித்ததால் வலை போடவில்லை. கரையில் ஒருவரும் இல்லாததைக் கண்டு அப்பா மூதூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். சரீப் காக்காவின் ஆட்கள் கிண்ணியா, மூதூர் எல்லாம் போன் பண்ணித் தேடினார்கள். மறுநாள் பின்னேரம் சம்பூரில், எங்கள் வளவில், ஈச்சம் பற்றைக்குள் முள்ளுக் கிழித்த காலோடு நின்றாராம். அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு நீலக் கேற்றைத் தேடியிருக்கிறார். இரண்டு வீடும் அவருக்குள் கலந்துவிட்டது. நான் போய் நின்றபோது, “நீர் ஆரும்மா?” என்று கேட்டார். பிறகு, “என்ர மகனைக் கண்டனீரோ?” என்றார்.

உங்களைத்தான் கேட்டார் அண்ணா. என்னைக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அம்மா போனதிலிருந்து சோறு போடுகிறவள் நான்.

சத்தியத்தை முறித்துவிட்டேன். அவர் உங்களில் கோபமாக இல்லை. போனில் ‘ஆர்’ என்று கேட்டது உண்மையாகவே தெரியாமல்தான். நீங்களும் அவரை அடையாளம் காணவில்லையே! அவர் குரலை நூறு தரம் கேட்டு, பத்து ஆண்களுக்குப் பாட்டு எழுதி, யாரோ கிழவர் என்றீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, பத்தொன்பது வருடம். ஆனால் நத்தார்வரை ‘மகன்’ என்ற சொல்லாவது அவரிடம் இருக்குமா தெரியாது.

ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் பிடிக்க வேண்டுமாம். நான் இரண்டரை வருடமாக மூச்சு எடுக்கவில்லை.

தர்சிகா

*

பேர்கன்
06.09.2025

தங்கச்சி,

கடிதம் நேற்று வந்தது. என்னை மன்னி. வேறு எதை எழுதினாலும் நியாயம் சொல்வது போலிருக்கிறது.

நேற்றைய ஒத்திகையில் பாடகர்களுக்குச் சொன்னேன். தபால்காரர்தான் கேட்டார், “அப்போ நாங்கள் பாடுவது ஒரு விலாசமா?” என்று. ஓம் என்றேன். “விலாசம் தெரிந்தும் நீ இங்கே என்ன செய்கிறாய்?” என்றார்.

விழாவைத் துணை நடத்துநர் நடத்துவார். இந்தப் பாட்டை நான் இல்லாமலும் பாடுவார்கள் என்று முன்பே கண்டேன்தானே. 24ஆம் தேதி காலை வந்து இறங்குகிறேன். உண்மையைச் சொன்னால், பாட்டு முடியட்டும் என்றது வெறும் சாட்டு. சம்பூர் இல்லாத வீட்டில் அப்பாவைப் பார்க்கப் பயந்தேன்.

ஜெஸ்மினிடம் சொல், இந்த வருடம் நீ வருகிறாய் என்று.

கஜீபன்

*

லிங்கநகர்
30.09.2025

ஹப்புத்தளையில் பனிப்புகார் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கச்சிக்கு,

அங்கே குளிர் எப்படி? காதை மூடிக்கொள், குளிரைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம். போன் எடுத்துச் சொல்லியிருப்பேன், ஆனால் நீ உடனே பெட்டியைக் கட்டிவிடுவாய். அதனால் கடிதம். இது உன்னிடம் வந்து சேரும்போது இன்னும் நாலு நாள் உனக்கு மிச்சம் இருக்கும். ஒரு நாளும் குறைக்காதே.

நீ இங்கே இருந்த நாலு நாளும் அப்பா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ‘கரண்ட் பில் எழுத வந்த பொடியன் இன்னும் போகேல்லையோ’ என்று உன்னிடம் கேட்டாரே, நீ சிரித்தாய், நான் குசினிக்குள் போய் அழுதேன். நீ பஸ் ஏறிய பிறகு நானும் அவரும் தனியே. சோறு குழைந்துவிட்டது. அவர் அதையும் சாப்பிட்டார்.

நேற்றுக் காலை அவர் புறப்பட, நானும் பின்னால் போனேன். சரீப் காக்கா என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை. “வடத்தப் பிடிங்க தம்பி” என்றார். அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டார்கள். நாற்பது பேருக்கு மூச்சுப் பாடம் எடுத்த எனக்கு, ஐந்தாவது இழுவையில் மூச்சு முட்டிவிட்டது. கையை விட்டுவிட்டேன். வடம் பின்னால் போகவில்லை. அப்பா பிடித்திருந்தார். என் பக்கம் திரும்பாமலே, “மெல்ல, மெல்ல. மூச்சை எடும். நான் பிடிச்சிருக்கிறன்” என்றார். எழுபத்தாறு வயது. பிறகு ‘ஏலையா’ என்று அரைத் தட்டுப் பிந்தி வாங்கினார். என் காதுக்கு அரை அடி தூரத்தில்.

அவர் ஏன் பிந்துகிறார் என்று நேற்றுத்தான் கண்டேன். மற்றவர்கள் எல்லோரும் இழுத்து முடிக்கும்வரை வடத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கிறார். சங்கீதம் படித்தவன் நான், இது எனக்குத் தெரியவில்லை.

வலை ஏறியது. பெரிதாக ஒன்றும் இல்லை, சூடையும் கொஞ்சம் பாரைக் குஞ்சும். எல்லோரும் கலைந்தார்கள். நான் உரிந்த கையைப் பார்த்துக்கொண்டு மணலில் நின்றேன். அப்பா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கிட்ட வந்தார்.

“தம்பி, உமக்குப் போக இடமில்லையோ?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“அப்ப வாரும்” என்றார்.

என் கையைப் பிடித்து பஸ் ஏற்றினார். கடைச்சந்தியில் இறங்கியதும் பாடத் தொடங்கினார். பைப்படி தாண்டினோம். முடக்கில் இரண்டு முருங்கை தாண்டினோம். ஒரு வரியும் பிழைக்கவில்லை. கேற்றடியில் நின்று தட்டினார். உள்ளே நீ இல்லைத்தானே, ஒருவரும் வரவில்லை. அவரே தள்ளித் திறந்துகொண்டு என்னை உள்ளே கூட்டிப்போனார். முன் அறையில் என் பெட்டி கிடக்கிற கட்டிலைக் காட்டினார்.

“இது மகன்ர கட்டில். அவன் வெளியில. இண்டைக்கு மட்டும் நீர் படும். அவன் வந்தால் எழும்பிக் குடுக்க வேணும், சரியோ?”

“ஓம் ஐயா, எழும்பிக் குடுப்பன்” என்றேன்.

சனிக்கிழமை அங்கே பாடுவார்கள். மலரில் விளக்கத்தை மாற்றி, அப்பாவின் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன்: ‘ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்புவதற்காக உப்புவெளிக் கரையில் சரீப் என்பவர் இவ்வருடம் கட்டிய பாட்டு. பாஸ் குரல்: கனகரத்தினம்.’ நோர்வே வேலைக்கு ஆறு மாத லீவு கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன என்று நீ வந்ததும் சண்டை பிடித்து முடிவெடுப்போம்.

அப்பா நல்ல சுகம் என்று நான் எழுதமாட்டேன். மத்தியானம் சாப்பிட்டார், இப்போது வாசலில் இருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ மூச்சை எடு.

இப்படிக்கு,
இன்றைக்கு மட்டும் படுக்க இடம் கிடைத்த உன் அண்ணா,
கஜீபன்